“புல்லாங்குழல் இருக்கட்டும் பாப்பா... அந்த தும்பா வாசிக்கிறது யாரு?”

“சங்கரா இருக்கு. வஞ்சிரம் இன்னிக்கு வரல” என்று சொல்லிக்கொண்டேதான் போனை எடுத்தார் பெரியப்பா. ஞாயிற்றுக்கிழமை கோவளம் வருகிறேன் என்று யார் சொன்னாலும் அவருக்கு முதலில் நினைவுக்கு வருவது மீன். “மீனுக்காக வரல பெரியப்பா, உங்களுக்கு ஒரு பாட்டு போட்டுக் காட்டணும்” என்றேன். “பாட்டா? சரி வா. மீனும் சாப்பிடு” என்று வைத்துவிட்டார்.

வாரம் ஓர் ஆல்பம் கேட்டு உங்களிடம் பேசுகிற இந்தப் பகுதிக்கு, இந்த முறை கையில் எடுத்தது கொஞ்சம் பழசு. 1959-ல் நியூயார்க்கில் பேசின் ஸ்ட்ரீட் ஈஸ்ட் என்ற கிளப்பில், ஆட்கள் முன்னால் வாசித்து நேரடியாகப் பதிவு செய்த ஜாஸ் ஆல்பம். பெயர் ‘ஃப்ளவுட்டிஸ்டா’. ஸ்பானிஷ் மொழியில் புல்லாங்குழல் வாசிப்பவர் என்று அர்த்தம். வாசித்தவர் ஹெர்பி மேன். மொத்தமே ஐந்து ட்ராக்குகள்தான். ஒன்றிலும் பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. புல்லாங்குழலும், அதைச் சுற்றி ஆப்பிரிக்காவிலிருந்து கியூபா வழியாக வந்த தாளங்களும் மட்டும்.

தாம்பரத்தில் பஸ் ஏறி, வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் கோவளம் போய்ச் சேருவதற்குள் ஆல்பத்தை இரண்டு முறை கேட்டுவிட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ‘புல்லாங்குழல் தென்றலாகத் தவழ்கிறது’ என்று ஒரு வரி எழுதி, படிக்கச் சகிக்காமல் அழித்தேன். பெரியப்பா ஞாபகம் அப்போதுதான் வலுவாக வந்தது.

அவர் 1980-களில் தாம்பரம் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் ரிதம் வாசித்தவர். குரோம்பேட்டை, பல்லாவரம், கூடுவாஞ்சேரி என்று கல்யாண ரிசப்ஷன், ஆடித் திருவிழா, ஆபீஸ் ஆண்டு விழா ஒன்றும் விட்டதில்லை. பகலில் லேத் பட்டறை வேலை, ராத்திரியில் பாங்கோஸ். எனக்கு விவரம் தெரிந்த வயதில் அவர் வாசிப்பதை நிறுத்தியிருந்தார். இப்போது 71 வயது. அக்கா வீட்டோடு கோவளத்துக்கே வந்துவிட்டார். இடது காது கொஞ்சம் மந்தம்.

அதனால் வலது காதில் ஒரு இயர்பட். இன்னொன்று எனக்கு. முதல் ட்ராக்கைப் போட்டேன். ‘டோடோஸ் லோகோஸ்’ என்று பெயர், எல்லாரும் பைத்தியங்கள் என்று அர்த்தம். பெரியப்பா முதலில் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அரை நிமிடம் போயிருக்கும். வலது கை விரல்கள் பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில் அசைய ஆரம்பித்தன. பிறகு இடது கை. அக்கா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஆரம்பிச்சுட்டாரா?” என்றாள்.

“குழல் எப்படி இருக்கு பெரியப்பா?”

“குழல் இருக்கட்டும் பாப்பா. நல்லாத்தான் ஊதுறான். அந்த தும்பா வாசிக்கிறது யாரு?”

நான் விழித்தேன். முதலில் தும்பா என்றால் என்ன என்பதே எனக்குப் புரியவில்லை. இடுப்பு உயரத்துக்கு நிற்குமே, கையால் தட்டுகிற நீளமான மரப்பீப்பாய் மாதிரியான மேளம், அதுதான். உலகம் முழுக்கக் கொங்கா என்கிறார்கள். நம் ஊர் ரெக்கார்டிங் தியேட்டர்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் அதற்கு தும்பா என்றுதான் பெயர். பிறகு தேடிப் பார்த்தால், கியூபாவிலேயே அதன் பெயர் ‘தும்படோரா’. கப்பல் ஏறி, சினிமா ஏறி வந்த வாத்தியம் தன் சொந்தப் பெயரைப் பாதியாவது காப்பாற்றிக்கொண்டு தாம்பரம் வரை வந்திருக்கிறது.

சரி, அவர் கேட்ட கேள்வி. யார் வாசிக்கிறது? போனைப் பார்த்தேன். நான் கேட்கிற ஆப்பில் ஆல்பத்தின் அட்டைப்படம், அதன் கீழே ‘ஹெர்பி மேன்’. அவ்வளவுதான். கலைஞர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்.

“ஹெர்பி மேன்னு போட்டிருக்கு பெரியப்பா.”

“அவன் குழல்காரன். நான் கேட்டது தும்பாக்காரனை.”

அந்தப் பதிலைத் தேடுவதற்கு முன்னால், குழல்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் கதையும் சுவையானதுதான்.

ஹெர்பி மேனின் உண்மைப் பெயர் ஹெர்பர்ட் ஜே சாலமன். 1930 ஏப்ரல் 16-ம் தேதி நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். சின்ன வயதில் பென்னி குட்மன் கச்சேரியைப் பார்த்துவிட்டு கிளாரினெட் கற்றுக்கொண்டார். பிறகு சாக்ஸபோன். புல்லாங்குழல் கூடவே இருந்ததே தவிர, அதை வைத்து ஜாஸ் வாசித்துப் பிழைக்கலாம் என்று அன்றைக்கு யாருமே நினைக்கவில்லை. 1953-ல் மாட் மாத்யூஸ் என்ற அக்கார்டியன் கலைஞர் தன் குழுவுக்கு ஜாஸ் புல்லாங்குழல் தெரிந்த ஆள் தேடினார். மேன் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லி உள்ளே போய்விட்டு, பிறகுதான் கற்றுக்கொண்டார். வேலை கிடைத்த பிறகு வேலை கற்றுக்கொள்கிற இந்த டெக்னிக்கை எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் எல்லோரும் அறிவோம்.

பார்த்துக் கற்றுக்கொள்ள முன்னோடி ஜாஸ் புல்லாங்குழல்காரர்கள் அநேகமாக இல்லை. அதனால் அவர் ட்ரம்பெட் கலைஞர்களைக் கேட்டுக் கேட்டு அந்த வெட்டு வெட்டான வாசிப்பைக் குழலில் கொண்டுவந்தார். நம் காதுக்கு இது புதுசாக இருக்கும். நம் மூங்கில் குழலில் விரல் துளையை மெல்ல மூடித் திறக்கும்போது சுரங்கள் ஒன்றோடு ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கமகம் முழுக்க அதில்தான். மேன் வைத்திருந்தது சாவிகள் பொருத்திய உலோகக் குழல். அதில் அவர் வழுக்குவதில்லை, குத்துகிறார். துப்... துப்... துப் என்று சின்னச் சின்னச் சுரங்கள். கொஞ்ச நேரத்தில் குழலையே ஒரு மேளம் மாதிரி வாசிக்கிறார் என்று தெரியும்.

அப்படி வாசித்ததற்குக் காரணமும் இருந்தது. புல்லாங்குழல் சத்தம் குறைவான வாத்தியம். ஜாஸ் டிரம்ஸும் பியானோவும் சேர்ந்தால் அமுங்கிவிடும். ஆனால் கைமேளங்களோடு அதற்கு நல்ல பொருத்தம். மேளங்களின் ஓசை கீழே உருண்டுகொண்டிருக்க, குழல் மேலே தனியாகத் தெரியும். கியூபாவின் சரங்கா இசைக்குழுக்களில் புல்லாங்குழல் ஏற்கெனவே ராஜாவாக இருந்தது. மேன் அந்தப் பக்கம் நகர்ந்தார். 1959-ல் ஆப்ரோ-ஜாஸ் குழு ஒன்றை ஆரம்பித்தார். அதே காலகட்டத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறையே அவர் குழுவை ஆப்பிரிக்க நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் அனுப்பியது. பிறகு 1961-ல் பிரேசில் போனார். அங்கே புதிதாக முளைத்திருந்த போஸா நோவா அவரைப் பிடித்துக்கொண்டது. 1969-ல் ‘மெம்ஃபிஸ் அண்டர்கிரவுண்ட்’ என்று வேறொரு பக்கம் தாவி, அதுதான் பெரிய ஹிட் ஆனது. போகிற இடமெல்லாம் ஒரு தாளத்தை எடுத்துக்கொள்கிறார், எதிலும் நிலைப்பதில்லை என்று விமர்சகர்கள் திட்டினார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

மறுபடி நாற்காலிக்கு வருகிறேன். பெரியப்பா மூன்றாவது ட்ராக்கை விட்டுவிட்டு முதல் ட்ராக்கையே திரும்பப் போடச் சொன்னார். “இதுல ஒரு கணக்கு இருக்கு. பிடிபட மாட்டேங்குது... இரு இரு” என்று தொடையில் தட்டினார். அவர் சின்ன வயதில் இரண்டு வருடம் மிருதங்கம் கற்றவர். ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றது.

அவர் தேடிய கணக்குக்கு ‘க்ளாவே’ என்று பெயர். கியூபா இசையின் முதுகெலும்பே அதுதான். இரண்டு குட்டி மரக்கட்டைகளை மோதித் தட்டுகிற ஐந்து தட்டுகள். எல்லா வாத்தியமும் அந்த ஐந்துக்குக் கட்டுப்பட்டுத்தான் நடக்கும். கட்டையை யாரும் தட்டாவிட்டாலும் வாசிப்பவர்கள் மனசுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும். இங்கிலீஷில் நாலைந்து கட்டுரை படித்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. பெரியப்பா பத்து நிமிடத்தில் சொல்கட்டாக்கிவிட்டார்:

தகிட - தகிட - தகதிமி - தக - தகதிமி

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் கை தட்டுங்கள். மூன்று, மூன்று, நான்கு, இரண்டு, நான்கு. கூட்டினால் 16. நம் ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில், எண்ணிக்கைக்கு இரண்டாக அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் தட்டுகள் மட்டும் நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது. முதல் பாதியில் மூன்று தட்டு தள்ளாடிக்கொண்டு போகும், இரண்டாம் பாதியில் இரண்டு தட்டு அதைப் பிடித்து நிறுத்தும். அந்தத் தள்ளாட்டம்தான் இடுப்பை அசைய வைக்கிறது. இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: தகிட - தகிட - தக. 2017-ல் நம் வீட்டுக் குழந்தைகள்கூட அர்த்தம் தெரியாமல் பாடித் திரிந்த ‘டெஸ்பாசிட்டோ’வின் அடியில் ஓடுவது அவன்தான்.

இந்தத் தாளங்கள் கியூபாவுக்குப் போன கதை சந்தோஷமானது இல்லை. கரும்புத் தோட்டங்களுக்காகக் காங்கோவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள் கொண்டுவந்தவை அவை. கியூபாவில் அடிமைமுறை ஒழிந்தது 1886-ல்தான். அமெரிக்காவில் வெள்ளை முதலாளிகள் மேளத்தைக் கண்டே பயந்தார்கள். மேளத்தால் சேதி அனுப்பிக் கலகம் செய்வார்கள் என்று 1740-ல் தென் கரோலினாவில் சட்டம் போட்டு அடிமைகள் மேளம் வைத்திருப்பதையே தடை செய்தார்கள். கியூபாவிலும் ஒடுக்குமுறை உண்டு. ஆனால் கோயில் சடங்கு, சங்கம், திருவிழா என்று ஏதோ ஒரு மூலையில் மேளம் பிழைத்துக்கொண்டது. அதனால்தான் ஆப்பிரிக்க வம்சாவளிக் கலைஞர்கள் உருவாக்கிய ஜாஸுக்கே கைமேளம் கியூபாவிலிருந்து திரும்பி வரவேண்டியிருந்தது. 1947-ல் டிஸி கில்லெஸ்பியின் குழுவில் சானோ போஸோ என்ற கியூபக் கலைஞர் கொங்காவோடு உட்கார்ந்தபோது நியூயார்க் வாய் பிளந்தது. அடுத்த வருடமே போஸோ ஹார்லெமில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

“யாருன்னு கண்டுபிடிச்சியா?” பெரியப்பா விடவில்லை.

கண்டுபிடித்தேன். ஆப்பில் இல்லாத பெயர்கள், அந்த ஆல்பத்தின் இசைப்பதிவுக் குறிப்புகளில் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தேன். மொத்தம் ஆறு பேர். குழல் ஹெர்பி மேன். வைப்ரபோன், மரிம்பா ஜானி ரே. பாஸ் நாபி டோட்டா. டிரம்ஸும் டிம்பாலேயும் சாண்டோஸ் மிராண்டா. பாங்கோஸ் ஹோசே மங்குவால். கொங்கா, அதாவது தும்பா, கார்லோஸ் ‘பட்டாட்டோ’ வால்டெஸ்.

“உருளைக்கிழங்கா?” என்று சமையல்கட்டிலிருந்து அக்கா.

கிட்டத்தட்ட அப்படித்தான் காதில் விழும். ஹவானாவில் பிறந்தவர், குள்ளமாக இருப்பார், அதற்கான செல்லப் பெயர். இந்த ஆல்பத்தின் இரண்டாவது ட்ராக்கின் பெயரே ‘கியூபன் பட்டாட்டோ சிப்’. தும்பாக்காரரின் பட்டப்பெயரை வைத்தே ஒரு விளையாட்டு. பெரியப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் இயர்பட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “தும்பாக்காரன் பேர்ல பாட்டா?”

“ஆமா பெரியப்பா.”

“போடு அதை.”

பட்டாட்டோவைப் பற்றி இன்னொரு விஷயம் சொன்னால் பெரியப்பா மாதிரி ஆட்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்தக் காலத்துக் கொங்காவில் தோலை மரத்தோடு ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். ஈரக் காற்று பட்டால் தொய்ந்துவிடும். வாசிக்கும் முன் நெருப்பு காட்டி இறுக்க வேண்டும். நம்ம பறையை வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவார்களே, அதே வேலைதான். இரும்பு வளையமும் திருகாணியும் வைத்து, சாவியால் திருகிச் சுருதி சேர்க்கிற கொங்கா வந்ததில் பட்டாட்டோவுக்கு முக்கியப் பங்கு உண்டு. சுருதி கைக்கு வந்ததும் இரண்டு மூன்று கொங்காக்களை வேறு வேறு சுருதியில் நிறுத்தி மெட்டே வாசித்தார். பின்னாளில் அவர் பெயரிலேயே கொங்கா மாடல் கடைக்கு வந்தது. 2007-ல் இறந்தார்.

“கடற்கரைப் ப்ரோகிராம்னா எங்களுக்கு உயிர் போயிடும். ஏழு மணிக்கு சேர்த்த சுருதி எட்டு மணிக்கு இருக்காது. உப்புக் காத்து. அந்தத் திருகாணி மட்டும் இல்லேன்னா...” என்று பெரியப்பா வலது கையால் காற்றில் சாவி திருகிக் காட்டினார். லேத் பட்டறைக்காரர் இல்லையா, திருகாணியைப் பற்றிப் பேசும்போது ஒரு மரியாதை தானாக வருகிறது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எனக்கு ஒரு பாட்டு காட்டினார். யூடியூபில் ‘சர்வர் சுந்தரம்’ என்று என்னையே டைப் பண்ணச் சொன்னார். 1964-ல் வந்த படம், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. ‘அவளுக்கென்ன’ பாட்டு. நூறு முறை பார்த்திருப்பேன், நாகேஷ் ஆடுவதை மட்டும். பெரியப்பா நாகேஷைப் பார்க்கவே இல்லை. ரெக்கார்டிங் தியேட்டரையே காட்டுகிற பாட்டு அது. எம்.எஸ்.வி கையசைத்து நடத்துகிறார், வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள். “இதோ, இதோ, நிறுத்து” என்று பாங்கோஸ் வாசிப்பவர் வரும் இடத்தில் திரையைத் தொட்டார். “இந்தப் பாட்டைத் தியேட்டர்ல பத்து தடவையாவது பார்த்திருப்பேன். இந்தக் கையைப் பார்க்கத்தான்.”

லத்தீன் தாளம் நம் காதுக்கு வந்தது இப்படித்தான். ‘காதலிக்க நேரமில்லை’யிலும் அதே வருடம் அதே ஜோடி பாங்கோஸை வைத்து விளையாடியிருப்பார்கள். ஹெர்பி மேன் பேசின் ஸ்ட்ரீட்டில் வாசித்து ஐந்தே வருடம். ஹாலிவுட் படங்கள், வெளிநாட்டு இசைத்தட்டுகள், சென்னை ஸ்டூடியோக்களில் வேலை பார்த்த கோவா, ஆங்கிலோ இந்தியக் கலைஞர்கள் என்று பல வாசல்கள். நம் தாத்தா பாட்டிகளுக்குக் கியூபா எங்கே இருக்கிறது என்று தெரியாமலிருக்கலாம். அதன் தாளத்துக்கு அவர்கள் தலையாட்டியாகிவிட்டது.

“இவர் பேர் என்ன பெரியப்பா?” என்றேன் திரையில் நின்ற கைகளைப் பார்த்து.

“படத்துல மூஞ்சி காட்டினாங்க. பேர் எங்க காட்டினாங்க?”

அந்தக் கால இசைத்தட்டுகளில் பாடியவர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், படத்தின் பெயர் இருக்கும். வாசித்தவர்களுக்கு இடமில்லை. 1988-ல் இளையராஜாவின் ‘நத்திங் பட் விண்ட்’ வந்தபோது, அதில் குழல் ஹரிபிரசாத் சௌராசியா என்று ஊருக்கே தெரிந்தது, ஏனென்றால் அது சினிமா இல்லை, தனி ஆல்பம். மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவையும் நம் குழலையும் சேர்த்து உட்கார வைத்த ஆல்பம், நம் ஊரில் ‘ஃப்ளவுட்டிஸ்டா’வுக்குச் சொந்தம் கொண்டாடக்கூடிய ஒன்று என்றால் என் கணக்கில் அதுதான். சினிமாவில் இந்த வழக்கம் மாற இன்னும் சில வருடம் ஆனது. ஏ.ஆர்.ரஹ்மான் கேசட் அட்டையில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டார். ‘பம்பாய்’ தீம் இசையின் குழல் நவீன் என்று நமக்கெல்லாம் தெரிந்திருப்பது அதனால்தான்.

பெரியப்பா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். பழைய கல்யாண ஆல்பத்தோடு நாலைந்து நோட்டீஸ்கள். ஒன்று திருவிழாக் கச்சேரி நோட்டீஸ், இளஞ்சிவப்புத் தாள், மடிப்பில் கிழிந்திருந்தது. மேலே குழுவின் பெயர் பெரிசாக. அதன் கீழே பாடகர்கள் படத்தோடு. கடைசியில் பொடி எழுத்தில்: ‘மற்றும் குழுவினர்’.

“இதுல நான் எங்க இருக்கேன்னு சொல்லு” என்றார்.

நான் அந்தப் பொடி எழுத்தில் விரல் வைத்தேன். சிரித்தார். “உங்க பெரியம்மா கல்யாணமான புதுசுல இதை அக்கம்பக்கத்துல காட்டிட்டு வந்தா. ‘இதுதான் அவரு’ன்னு.”

பெரியம்மா இறந்து ஒன்பது வருடமாகிறது. அக்கா பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஆல்பத்தை நிறுத்தினேன்.

அவர் வாசிப்பை நிறுத்தியது கோபத்தில் இல்லை. ஆக்டோபேட் வந்தது. எட்டு சதுரம் வைத்த ஒரு மின்சாரப் பலகை, குச்சியால் தட்டினால் பாங்கோஸ் சத்தமும் வரும், தும்பா சத்தமும் வரும், கண்ணாடி உடைகிற சத்தமும் வரும். நாலு பேர் சம்பளம் ஒரு பலகையில் மிச்சம். “மிஷின் நல்ல மிஷின்தான். என்ன, அதுக்கு சாப்பாடு போட வேணாம்” என்றார். தும்பாவை விற்றுவிட்டார். பாங்கோஸ் பரணில் இருக்கிறதாம், ஒரு பக்கம் தோல் கிழிந்து.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் இதே கோவளத்தில், கடற்கரையை ஒட்டி நடந்த சின்ன இசை மாலை ஒன்றைப் பற்றி நம் தளத்தில் எழுதியிருந்தேன். 2013-ல் அலைச்சறுக்கும் இசையும் சேர்ந்த திருவிழா தொடங்கியதிலிருந்து கோவளத்துக்குப் பாட்டுக்கூட்டம் புதிதில்லை. நான் போனது அந்த அளவுக்குப் பெரியதில்லை, ஐம்பது நாற்காலி போட்ட நிகழ்ச்சி. ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் கிடார், இரண்டு பேர் தாளம். ‘கடலை மயக்கிய குழல்’ என்று தலைப்பு வைத்தேன். குழல் வாசித்தவரிடம் பத்து நிமிடம் பேட்டி. போட்டோ கேப்ஷனில் அவர் பெயர், பிறகு நான் டைப் செய்த வார்த்தைகள் இவை: ‘மற்றும் குழுவினர்’.

யாரும் புகார் சொல்லவில்லை. நல்ல வ்யூஸ் வந்தது. எனக்கே இப்போதுதான் உறைத்தது. பெரியப்பாவிடம் போனைக் காட்டி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேப்ஷனைப் படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “இதை இப்ப மாத்த முடியுமா, இல்ல அச்சடிச்ச மாதிரிதானா?” என்றார்.

“மாத்தலாம். எடிட் பண்ணா அஞ்சு நிமிஷம்.”

“அப்ப என்ன?”

நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவருக்குப் போன் போட்டேன். கிடார் வாசித்தவர் பெயரும், தாளக்காரர்களில் ஒருவர் பெயரும் சொன்னார். இன்னொருவர்? “அவன் லாஸ்ட் மினிட்ல வந்தாங்க, நம்ம கோவளத்துப் பையன்தான். பேரு... சட்டுனு வரல மேடம்.” போட்டோவில் அந்தப் பையன் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றான். முகம் தெரிகிறது, கையும் மேளமும் ஃபிரேமுக்கு வெளியே.

பெரியப்பா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இவன்... மார்க்கெட் பக்கம் பார்த்திருக்கேன். வா” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

வெயில் இறங்கியிருந்தது. சர்ச் பக்கமிருந்து குப்பத்துக்குள் நடந்தோம். படகுகள் மேலே ஏற்றிக் கிடந்தன. பெரியப்பா இரண்டு பேரிடம் போனைக் காட்டினார். மூன்றாவதாக வலை சரிபார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, பார்த்ததுமே, “நம்ம புள்ளதான். இன்னா பண்ணான்?” என்றார் பதறி. ஒன்றுமில்லை, நன்றாக வாசித்தான், பெயர் தெரியவேண்டும் என்று பெரியப்பா சொல்லிப் புரியவைத்தார்.

பையனுக்கு 19 வயது இருக்கும். ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு வந்தான். காலேஜ் இரண்டாம் வருடம், லீவு நாளில் வியாபாரத்துக்கு உதவி. மேளம் யாரிடமும் கற்கவில்லை, சர்ச் க்வயரிலும் சாவு மேளத்திலும் தட்டிப் பழகியது. பெரியப்பா அவன் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு, “தகிட தகிட தகதிமி தக தகதிமி” என்று சொல்லி, கவிழ்த்து வைத்திருந்த பிளாஸ்டிக் கூடையில் தட்டிக் காட்டினார். பையன் ஒருமுறை கேட்டான். இரண்டாம் முறை கூடவே தட்டினான். மூன்றாம் முறை பெரியப்பா ஐந்து தட்டை மட்டும் பிடித்துக்கொள்ள, அவன் நடுவே நிரப்ப ஆரம்பித்தான். அந்த அம்மா வலையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

கையோடு ஹெர்பி மேனின் மிச்சக் கதையையும் முடித்துவிடுகிறேன். ஊர் ஊராகத் தாளம் தேடிப் போன மனிதர் கடைசிக் காலத்தில் ‘ஈஸ்டர்ன் யூரோப்பியன் ரூட்ஸ்’ என்று ஓர் ஆல்பம் செய்தார். தன் தாத்தா பாட்டிகள் விட்டுவந்த ஊர்களின் இசை. 2003 ஜூலை 1-ம் தேதி, 73 வயதில், புற்றுநோயால் இறந்தார். ‘ஃப்ளவுட்டிஸ்டா’வைக் கேட்க நினைப்பவர்கள் ஐந்தாவது ட்ராக்கான ‘கேரவன்’ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். டியூக் எலிங்டன் குழுவில் இருந்த ஹுவான் டிஸோல் மெட்டுப் போட்டது, பல பேர் வாசித்த பழைய ஜாஸ் பாட்டு. ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் தும்பா கேட்காது.

பையனிடம் பெயர் கேட்டேன். “எதுக்குக்கா?” என்றான். கேப்ஷனைக் காட்டினேன். படித்துவிட்டு வெட்கமாகச் சிரித்தான். பெயர் சொன்னான், நான் டைப் செய்தேன். போனை வாங்கிச் சரிபார்த்தான்.

“அக்கா, இனிஷியலும் போடுங்க. இதே பேர்ல எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேர் இருக்கானுங்க.”

போட்டேன். திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் பக்கம் திருத்தப்பட்டது. இப்போது அதில் நாலு பெயர் இருக்கிறது. வெட்டுப்பட்ட போட்டோவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. பெரியப்பா செவ்வாய்க்கிழமை போன் செய்தார். பரணிலிருந்து பாங்கோஸை இறக்கிவிட்டாராம். தோல் மாற்றிக் கொடுக்கிற ஆள் தாம்பரத்தில் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார்.